லினக்ஸின் /ப்ராக்: பார்ப்பதற்கு முழு மதிப்பெண், ஆள்வதற்குப் பாதி

நள்ளிரவு கடந்த பிறகு ஒரு சர்வரின் வட்டு நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. டிஎஃப் கட்டளை 100 விழுக்காடு என்றது. டியூ கட்டளையோ எல்லாக் கோப்புகளையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பாதி வட்டுகூடத் தேறவில்லை என்றது. கணக்கு இப்படி உதைத்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: யாரோ ஒரு பெரிய லாக் கோப்பை (நிகழ்வுக் குறிப்பேட்டை) அழித்திருக்கிறார்கள், அதைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ், அதாவது ஓடும் நிரல், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கருவி அந்த எந்திரத்தில் நிறுவப்பட்டிருக்கவில்லை; இனி நிறுவலாம் என்றால் வட்டில் இடம் இல்லை.

சந்தேகத்துக்குரிய ப்ராசஸின் எண் 2817. ஓடும் ப்ராசஸ்களைக் கோப்புகளாகக் காட்டும் /ப்ராக்கில், /ப்ராக்/2817/எஃப்டி என்ற அடைவுக்குள் எல்எஸ் கட்டளையை ஓட்டியதும், அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொன்றும் ஓர் எண்ணாகவும் அந்த எண்ணிலிருந்து கிளம்பும் அம்புக்குறியாகவும் வரிசையாக வந்து நின்றன. 4 என்ற எண்ணுக்கு எதிரே லாக் கோப்பின் பாதையும், அதன் வாலில் அடைப்புக்குறிக்குள் ‘டெலீட்டட்’ என்ற சொல்லும் இருந்தன. அழிக்கப்பட்ட கோப்பு அந்த அம்புக்குறியின் வழியே இன்னும் படிக்கக் கிடைத்தது. கடைசிச் சில ஆயிரம் வரிகளை வேறொரு எந்திரத்துக்கு அனுப்பிவிட்டு, அதே பாதைக்கு வெறுமையைத் திருப்பிவிட்டேன். வட்டு 100-இலிருந்து 41-க்கு இறங்கியது. ப்ராசஸ் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தன் காலடியில் இருந்த கோப்பு காலியாக்கப்பட்டது அதற்குத் தெரியவே தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தும் ஒரு பொருளுக்கு மதிப்புரை எழுதுவது, வீட்டுத் திண்ணைக்கு மதிப்புரை எழுதுவதைப் போன்றதுதான். ஆயினும் /ப்ராக் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அதன் கோப்புகளை வரிசையாகச் சொல்லும் பாடக் குறிப்புகளாகவே இருக்கின்றன. அது எங்கே சிறப்பாக உழைக்கிறது, எங்கே கைவிடுகிறது, தந்த வாக்கில் எவ்வளவை நிறைவேற்றியிருக்கிறது என்று யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அதைத்தான் இங்கே செய்ய விரும்புகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு விளக்கம். /ப்ராக் என்பது எந்த வட்டிலும் இல்லாத ஒரு கோப்பு முறைமை. அதற்குள் ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஓர் அடைவு இருக்கும்; அந்த அடைவுக்குள் ஸ்டேட்டஸ், மேப்ஸ், கமாண்ட்லைன், என்விரான், எஃப்டி என ஐம்பதுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ கோப்புகளும் உள்ளடைவுகளும் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றின் அளவு 0 பைட் என்றே எல்எஸ் காட்டும், ஆனால் கேட் கட்டளையில் படித்தால் பக்கம் பக்கமாக எழுத்து வரும். முரண்பாடு ஏதுமில்லை, நாம் படிக்கும் அந்த நொடியில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் உள்ளேட்டைப் புரட்டி விடையை எழுதித் தருகிறது, அதற்கு முன் அந்த எழுத்து எங்கும் இருந்ததில்லை. எந்திரத்தின் நிலையைச் சொல்லும் பிஎஸ், டாப், ஃப்ரீ, அப்டைம் போன்ற கருவிகள் தனியறிவு எதுவும் உடையவை அல்ல என்பதை, ஒரு நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியில் ஓட்டிப் பார்ப்பவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்கள்: அவை இந்த அடைவுகளைத் திறந்து, படித்து, நெடுவரிசையாக அடுக்கித் தருகின்றன, அவ்வளவே.

இப்படி ஒரு வசதி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதை அறிந்தால்தான் இதன் மதிப்புப் புரியும். பழைய யூனிக்ஸில் பிஎஸ் கட்டளை, கெர்னலின் நினைவகத்தையே ஒரு கோப்பாகத் திறந்து, கெர்னலின் குறியீட்டு அட்டவணையைப் பார்த்து, எந்த முகவரியில் ப்ராசஸ் பட்டியல் இருக்கிறது என்று தேடிப் படித்தது. கெர்னலில் ஒரு தரவுக் கட்டமைப்பு மாறினால் பிஎஸ் குழம்பிப்போகும். அதையும் மறுபடி கட்டவேண்டும். இன்னொரு ப்ராசஸை நிறுத்தி ஆராய்வதற்கு இருந்த பிட்ரேஸ் என்ற சிஸ்டம் காலோ (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை), ஒரு தடவைக்கு ஒரு சொல் அளவு நினைவகத்தை மட்டுமே எடுத்துத் தந்தது. இந்த இரண்டு தொல்லைகளுக்கும் மாற்றாக, பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன் 1984-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் படித்த கட்டுரையில், ப்ராசஸ்களைக் கோப்புகளாகவே காட்டலாம் என்ற யோசனையை முன்வைத்தார். எட்டாம் பதிப்பு யூனிக்ஸில் வந்த அந்த /ப்ராக்கில் ஒரு ப்ராசஸுக்கு ஒரே கோப்புதான். அந்தக் கோப்பைத் திறந்து வேண்டிய இடத்துக்கு நகர்ந்து படித்தால், ப்ராசஸின் நினைவகத்தில் அந்த முகவரியில் இருப்பது கைக்கு வந்தது.

அந்த யோசனை பிறகு இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ரோஜர் ஃபாக்னரும் ரான் கோம்ஸும் அதை சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் நான்காம் வெளியீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது சோலாரிஸாக வளர்ந்தது. பெல் ஆய்வகத்துக்குள்ளேயே அது பிளான் 9 இயங்குதளத்தில் முழு வடிவம் பெற்றது. லினக்ஸ் 1992-இல் தன் /ப்ராக்கை எடுத்துக்கொண்டபோது, கோப்புகளில் எழுத்தாகவே தரவைத் தருவது என்ற பிளான் 9-இன் வழியைப் பின்பற்றியது. ஆனால் பிளான் 9-இன் இன்னொரு பாதியை, அதாவது எழுதி ஆளும் பாதியை, அது அரைகுறையாகவே எடுத்துக்கொண்டது. என் மனக்குறை முழுதும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். ஒரு ப்ராசஸ் ஏன் நகராமல் நிற்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை தரும் கருவியை நான் பார்த்ததில்லை. ஒருமுறை காப்புப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று காலையில் வந்து பார்த்தபோதும் முடியாமல் கிடந்தது. பிஎஸ்ஸில் அதன் நிலை ‘டி’ என்று இருந்தது. இடையில் எழுப்ப முடியாத உறக்கம் என்பது அதன் பொருள். அந்த எழுத்தைப் பார்த்ததும் அணியில் இருந்தவர்கள் எந்திரத்தை மறுதொடக்கம் செய்துவிடலாம் என்றார்கள், ஏனென்றால் டி நிலையில் இருப்பதைக் கொல்ல முடியாது என்பது எங்கள் துறையில் ஊறிப்போன நம்பிக்கை. நான் அதன் அடைவில் இருக்கும் டபிள்யூசேன் கோப்பைப் படித்தேன். ப்ராசஸ் கெர்னலுக்குள் எந்தச் செயற்கூறில் உறங்குகிறது என்பதை அந்தக் கோப்பு ஒரே சொல்லில் சொல்லும். வந்த சொல் ‘ஆர்பிசி_வெயிட்_பிட்_கில்லபிள்’. ஆர்பிசி என்றதுமே நெட்வொர்க் வழியாகப் பொருத்தப்பட்ட என்எஃப்எஸ் வட்டுக்காகக் காத்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியம் கடைசியில் இருந்த ‘கில்லபிள்’. கொல்லத்தக்க உறக்கம் என்ற ஒரு வகை லினக்ஸில் 2008 முதலே இருக்கிறது. பிஎஸ் அதையும் டி என்ற அதே எழுத்தில்தான் காட்டும், ஆனால் கட்டாயமாகக் கொல்லும் 9-ஆம் எண் சிக்னலுக்கு அது பணியும். அனுப்பினேன், பணிந்தது. மறுதொடக்கம் தேவைப்படவில்லை.

ஸ்டேட்டஸ் கோப்பையும் இதே போலப் புகழலாம். நினைவகம் எவ்வளவு, அதில் ஸ்வாப்புக்கு, அதாவது வட்டுக்கு, போனது எவ்வளவு, எத்தனை த்ரெட்கள் (ப்ராசஸுக்குள் ஓடும் இழைகள்) என்பதையெல்லாம் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்று வரிக்கு ஒன்றாக அது சொல்கிறது. கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கண்ணால் படிக்கலாம். பலர் கண்டுகொள்ளாத வரி சிக்இக்ன் என்பது. ப்ராசஸ் எந்தெந்தச் சிக்னல்களைப் புறக்கணிக்கிறது என்பது அதில் பதினாறடிமான எண்ணாக இருக்கும். சாதாரண கில் கட்டளைக்கு அசையாத ப்ராசஸில் இந்த எண்ணுக்குள் 4000-க்கு உரிய பிட் எழுந்து நின்றால், அது 15-ஆம் எண் சிக்னலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கச் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நிரலை எழுதியவர்களிடம் வாதாடிக்கொண்டிருக்காமல் அந்த ஒரு வரியை எடுத்து அனுப்பினால் பேச்சு முடிந்துவிடும்.

இனிக் குறைகள். எழுத்தாகத் தருவது மனிதக் கண்ணுக்கு விருந்து என்றாலும், நிரல் எழுதுபவர்களுக்கு அது சில இடங்களில் கண்ணிவெடி. ஸ்டேட் என்ற கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே வரி. இடைவெளி விட்டு விட்டு ஐம்பதுக்கு மேற்பட்ட புலங்கள். இரண்டாவது புலம் ப்ராசஸின் பெயர், அது பிறை அடைப்புக்குள் வரும். அந்தப் பெயருக்குள்ளேயே இடைவெளியும் அடைப்புக்குறியும் இருக்கலாம் என்பதைக் கணக்கில் கொள்ளாமல், இடைவெளியில் வெட்டி எண்ணிக்கொண்டு போகும் நிரல்கள் எத்தனையோ உண்டு. நானும் அப்படி ஒன்றை எழுதினேன். பெயரில் இடைவெளி உள்ள ஒரு ப்ராசஸ் ஓடத் தொடங்கிய நாளில் என் கண்காணிப்பு நிரல் எல்லாப் புலங்களையும் ஓரிடம் தள்ளிப் படித்து, ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கூச்சல் போட்டது. வரியின் பின்னாலிருந்து தேடி, கடைசியாக வரும் மூடும் அடைப்பைப் பிடித்து, அதன் பிறகே வெட்டவேண்டும் என்பதைப் பட்டபின்தான் கற்றேன். பெயர் 15 எழுத்துக்கு மேல் வெட்டுப்படும் என்பதும், கமாண்ட்லைன் கோப்பில் சொற்களுக்கு இடையே வருவது இடைவெளியாக இல்லாமல் சுழிய பைட்டாக இருக்கும் என்பதும் இதே வகைச் சங்கதிகள்.

இதைவிட ஆழமான குறை, இங்கே படிப்பது எதுவும் ஒரே கணத்தின் நிழற்படம் அன்று என்பது. மேப்ஸ் கோப்பை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸ் தன் நினைவகப் பகுதிகளை மாற்றிக்கொண்டிருக்கலாம். முதல் பாதி பழையதாகவும் பிற்பாதி புதியதாகவும் இருக்கக்கூடும். ப்ராசஸ் எண்ணும் நிலையான அடையாளம் இல்லை. எண் 2817 இறந்து, சுற்று முடிந்து, வேறொரு ப்ராசஸ் அதே எண்ணில் பிறக்கலாம். அடைவின் பெயரை மட்டும் நம்பிச் சிக்னல் அனுப்பும் ஸ்கிரிப்ட் என்றாவது ஒருநாள் அப்பாவி ஒன்றைக் கொன்றுவிடும். எண்களின் உச்சவரம்பு வழக்கமாக 32768-ஆக இருந்த காலத்தில், குறுகிய ஆயுள் கொண்ட ப்ராசஸ்களை இறைத்துத் தள்ளும் எந்திரங்களில் இது வெறும் அச்சம் மட்டும் அன்று. ஸ்டேட் கோப்பின் 22-ஆம் புலமான தொடக்க நேரத்தையும் சேர்த்துச் சரிபார்ப்பது பழைய தற்காப்பு. 2019-இல் வந்த பிட்எஃப்டி, ஒரு ப்ராசஸைக் கைப்பிடி போட்டுப் பிடித்துக்கொள்ளும் வசதியைத் தந்து இதைச் சரியாகத் தீர்த்தது. ஆனால் அது சிஸ்டம் கால் வழியாக வந்த தீர்வு. கோப்பு முறைமை தானாகத் தீர்த்துக்கொண்டது அன்று.

வேகம் பற்றியும் ஒரு சொல். திற, படி, மூடு என்று கோப்பு ஒன்றுக்கு மூன்று சிஸ்டம் கால்கள். பல்லாயிரம் ப்ராசஸ்கள் உள்ள எந்திரத்தில் டாப் கருவியே பட்டியலின் மேல்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். நினைவகக் கணக்கைப் பகுதி பகுதியாகச் சொல்லும் எஸ்மேப்ஸ் இன்னும் சுமையானது. மொத்தக் கூட்டலை மட்டும் தரும் எஸ்மேப்ஸ்_ரோலப் 2017-இல் வந்தபிறகுதான் அதை அடிக்கடி படிக்கத் துணிவு வந்தது. 2024-இல், மேப்ஸ் கோப்பிடமே ‘இந்த முகவரி எந்தப் பகுதியில் இருக்கிறது’ என்று பைனரி வடிவில் கேட்டு விடை பெறும் வழியையும் சேர்த்தார்கள். எழுத்து வடிவம் போதாது என்ற ஒப்புதல் வாக்குமூலம் என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது ஆளும் பாதிக்கு வருவோம். பிளான் 9-இல் ஒவ்வொரு ப்ராசஸ் அடைவிலும் சிடிஎல் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் ‘ஸ்டாப்’ என்று எழுதினால் ப்ராசஸ் நிற்கும். ‘ஸ்டார்ட்’ என்றால் ஓடும். ‘கில்’ என்றால் ஒழியும். நோட் என்ற இன்னொரு கோப்பில் எழுதினால் அது ப்ராசஸுக்குச் செய்தியாகப் போய்ச் சேரும். அங்குள்ள கில் கட்டளையின் அழகே தனி: அது யாரையும் கொல்வதில்லை. கொல்வதற்கு எந்தக் கோப்பில் எதை எழுதவேண்டும் என்ற எக்கோ வரிகளை மட்டும் திரையில் அச்சிடும். நீங்கள் பார்த்து, சரி என்று தோன்றினால், அந்த வரிகளை ஷெல்லுக்குள் செலுத்தவேண்டும். பிழையால் செயலிழந்த ப்ராசஸும் அங்கே உடனே மறைந்துவிடுவதில்லை. ‘ப்ரோக்கன்’ என்ற நிலையில் அப்படியே நின்றுகொண்டிருக்கும், ஆசிட் என்ற பிழைத்திருத்தியைக் கொண்டு பிணக்கூறாய்வு செய்யலாம். எல்லாமே கோப்புகள் என்பதால் இன்னொரு எந்திரத்தின் /ப்ராக்கை நெட்வொர்க் வழியாக இங்கே பொருத்தி, அங்கே ஓடுவதை இங்கிருந்தே ஆராயவும் முடியும். அதற்கென்று தனிக் கருவி எதையும் எழுதவேண்டியிருக்கவில்லை.

லினக்ஸின் /ப்ராக்கில் சிடிஎல் என்ற கோப்பே இல்லை. கொல்லவும் நிறுத்தவும் சிக்னல் அனுப்பும் பழைய சிஸ்டம் கால்தான். பிழைத்திருத்திகளுக்கு இன்றும் பிட்ரேஸ்தான். எழுதக்கூடிய கோப்புகள் இல்லாமல் இல்லை, ஆனால் அவை தேவை வந்தபோதெல்லாம் ஒட்டப்பட்ட ஒட்டுகள். காம் என்ற கோப்பில் எழுதிப் பெயரை மாற்றலாம், ஆனால் ஒரு ப்ராசஸ் தன் த்ரெட்களின் பெயரை மட்டுமே மாற்ற முடியும். லிமிட்ஸ் கோப்பில் திறந்த கோப்புகளின் வரம்பு முதலியவற்றைப் படிக்கலாம், எழுத முடியாது. மாற்றவேண்டுமானால் பிஆர்லிமிட் கட்டளையைத் தேடிப் போகவேண்டும். இதைத் தெரியாமல் முதன்முறை எழுதிப் பார்த்து ‘அனுமதி இல்லை’ என்ற பதிலைப் பெறாதவர்கள் எங்கள் துறையில் குறைவு. கிளியர்_ரெஃப்ஸ் கோப்பில் 5 என்று எழுதினால் ப்ராசஸின் உச்ச நினைவகக் கணக்கு மறுபடி தொடங்கும், 4 என்று எழுதினால் எந்தப் பக்கங்கள் புதிதாக மாறின என்ற குறிகள் துடைக்கப்படும். மிகவும் பயனுள்ளவை, ஆனால் எண்ணுக்கு எண் என்ன பொருள் என்பதைக் கையேட்டைத் திறக்காமல் நினைவில் வைத்திருப்பவர் யார்?

இந்த ஒட்டுகளில் ஒன்று மட்டும் ஆளும் கருவி என்ற பெயருக்குத் தகுதியானது: ஓஓஎம்_ஸ்கோர்_அட்ஜ். நினைவகம் தீர்ந்துபோனால் கெர்னல் யாரையாவது பலியிட்டாக வேண்டும். யாரைப் பலியிடுவது என்ற கணக்கில் நம் பரிந்துரையைச் சேர்க்கும் இடம் இது. -1000 என்று எழுதினால் அந்த ப்ராசஸ் பட்டியலிலிருந்தே விலக்கப்படும். 1000 என்றால் முதல் பலி. ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் தன்னைத்தானே -1000-இல் வைத்துக்கொள்வதால்தான், மற்றதெல்லாம் சரிந்த எந்திரத்துக்குள்ளும் நம்மால் நுழைய முடிகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் நீங்கள் பின்னால் தள்ளிவிட்ட செயலிகள் ஒவ்வொன்றாக உயிரிழப்பதற்குப் பின்னாலும் இதே கோப்பு இருக்கிறது: செயலி முன்னிருந்து பின்னுக்குப் போகப் போக அதன் எண் ஏற்றப்படுகிறது, நினைவகம் இறுகும்போது எண் பெரிதானவை முதலில் போகின்றன. தரவுத்தளம் ஓடும் எந்திரத்தில் இந்த எண்ணைத் தொடாமல் விட்டு, விடிகாலையில் தரவுத்தளமே பலியாகி, பக்கத்தில் ஓடிய அற்பமான அறிக்கை நிரல் பிழைத்திருந்ததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், நிறுவிய அன்றே இதை எழுதிவிடுங்கள்.

பிளான் 9 தந்த வாக்கை லினக்ஸ் வேறொரு வாசல் வழியாக நிறைவேற்றியது என்பதே என் கட்சி. கூகுளின் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-இல் தொடங்கி 2008-இன் 2.6.24 கெர்னலில் சேர்ந்த, ப்ராசஸ்களைக் குழுவாக்கி ஆளும் சிகுரூப், /ப்ராக்கின் உள்ளே இல்லை; /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் என்ற வேறோர் இடத்தில் பொருத்தப்படுகிறது. ஆனால் குணத்தில் அதுவும் மெய்நிகர் கோப்பு முறைமைதான். எம்கேடிர் கட்டளையால் ஓர் அடைவை உருவாக்கினால் ஒரு குழு பிறக்கிறது. உள்ளே நீங்கள் எதையும் உருவாக்காமலே கோப்புகள் தோன்றுகின்றன. சிகுரூப்.ப்ராக்ஸ் கோப்பில் ப்ராசஸ் எண்ணை எழுதினால் அது குழுவில் சேர்கிறது. மெமரி.மேக்ஸ் கோப்பில் ‘2ஜி’ என்று எழுதினால் குழு முழுதும் சேர்ந்து இரண்டு ஜிபி-யைத் தாண்ட முடியாது. 2019-இல் வந்த சிகுரூப்.ஃப்ரீஸ் கோப்பில் 1 என்றால் குழு உறைகிறது, 0 என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. 2021-இல் 5.14 கெர்னலில் வந்த சிகுரூப்.கில் கோப்பில் 1 என்று எழுதினால் குழுவில் உள்ள அனைத்தும், பிள்ளை பேரப்பிள்ளைகளோடு, ஒருசேர மடிகின்றன.

கடைசியாகச் சொன்னதன் அருமை, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நிரலைத் துரத்தியவர்களுக்கே தெரியும். நிரல்களைக் கட்டிச் சோதிக்கும் எங்கள் எந்திரம் ஒன்றில் ஒரு சோதனை ஸ்கிரிப்ட் தவறுதலாகத் தன்னையே அழைத்து அழைத்துக் கிளைத்துக்கொண்டிருந்தது. பட்டியலை எடுத்து ஒவ்வோர் எண்ணாகச் சிக்னல் அனுப்புவதற்குள் புதிய எண்கள் முளைத்துவிட்டன. கிணற்றைச் சல்லடையால் இறைத்த கதைதான். நல்வாய்ப்பாக அந்தப் பணி, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி ஏற்படுத்திய தனிக் குழுவில் ஓடியது. முதலில் அந்தக் குழுவின் ஃப்ரீஸ் கோப்பில் 1 எழுதினேன். எந்திரத்தின் மூச்சிரைப்பு அடங்கியது. உறைந்த நிலையிலேயே ஒரு ப்ராசஸின் கமாண்ட்லைன் கோப்பையும் சிடபிள்யூடி இணைப்பையும் படித்து, எந்த அடைவிலிருந்து எந்த ஸ்கிரிப்ட் என்று குறித்துக்கொண்டேன். பிறகு கில் கோப்பில் 1. பார்ப்பதற்கு /ப்ராக்கும் ஆள்வதற்குச் சிகுரூப்பும் என்று இரண்டையும் சேர்த்துக் கையாளும்போதுதான் இந்தப் பொருள் முழுமை பெறுகிறது. தனித்தனியாக வாங்கினால் இரண்டும் குறைப்பொருள்.

பாதுகாப்பு என்ற தலைப்பில் /ப்ராக்கின் வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. ப்ராசஸின் நினைவகத்தையே திறந்து காட்டும் மெம் என்ற கோப்பில் எழுதுவதற்கு 2011-இன் 2.6.39 கெர்னலில் தடை நீக்கப்பட்டது; அனுமதிச் சோதனையில் இருந்த ஓட்டையால் சாதாரணப் பயனர் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆகிவிட முடியும் என்பது 2012 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்து, அவசரமாக அடைக்கப்பட்டது. 2016-இல் உலகையே பேசவைத்த டர்ட்டி கவ் என்ற ஓட்டையின் வேர் நினைவக மேலாண்மையில் இருந்தாலும், அதைப் பயன்படுத்திய தாக்குதல்கள் பல நுழைந்த வாசல் இதே மெம் கோப்புதான். 2019-இல் ரன்சி என்ற கன்டெய்னர் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் பெட்டி) இயக்கியில் கண்டறியப்பட்ட ஓட்டையில், கன்டெய்னருக்குள் இருக்கும் தீய நிரல் /ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ என்ற இணைப்பின் வழியே வெளியே உள்ள ரன்சியின் நிரல் கோப்பையே மாற்றி எழுத முடிந்தது. அந்த இணைப்புகள் சாதாரண இணைப்புகளைப் போலப் பாதையைப் பின்பற்றிச் செல்வதில்லை, நேரே பொருளிடமே கொண்டுபோய் விடுகின்றன. என் நள்ளிரவு லாக் கோப்பைக் காப்பாற்றிய அதே குணம்தான் அங்கே திருடனுக்கும் ஏணியானது.

அன்றாட வாழ்வில் இதைவிடச் சிறிய, ஆனால் எங்கும் நடக்கும் கசிவு ஒன்று உண்டு. கமாண்ட்லைன் கோப்பை இயல்பான அமைப்பில் எல்லோரும் படிக்கலாம். கட்டளையோடு சேர்த்துக் கடவுச்சொல்லைத் தட்டுபவர் அந்த எந்திரத்தின் அத்தனை பயனர்களுக்கும் அதை வாசித்துக் காட்டுகிறார் என்று பொருள். என்விரான் கோப்பு உரியவருக்கும் ரூட்டுக்கும் மட்டுமே திறக்கும் என்பதால் சற்றுத் தேவலை.

கன்டெய்னருக்குள்ளே /ப்ராக் பொய் சொல்லும் என்பதையும் மறைக்கக் கூடாது. மெம்இன்ஃபோ, சிபியுஇன்ஃபோ ஆகிய கோப்புகள் கன்டெய்னரின் வரம்பைக் காட்டாமல், அதைச் சுமக்கும் எந்திரத்தின் மொத்த நினைவகத்தையும் கோர்களையும் காட்டுகின்றன. ஒரு ஜிபி வரம்புக்குள் அடைக்கப்பட்ட நிரல் ‘64 ஜிபி இருக்கிறதே’ என்று நம்பிக் கடையை விரித்து, பிறகு அடித்து விரட்டப்படுகிறது. ஜாவா நிரல்கள் இதில் பட்ட பாடு பெரிது. 2018-இன் ஜேடிகே 10-இல்தான் சிகுரூப் கோப்புகளைப் பார்த்துத் தன் அளவைத் தானே முடிவுசெய்யும் வழக்கம் ஜாவாவுக்கு இயல்பாக வந்தது. உண்மையில் இந்தக் கோப்புகளுக்கும் ப்ராசஸ்களுக்கும் தொடர்பே இல்லை. ப்ராசஸ்களுக்கென்று கட்டிய வீட்டில் லினக்ஸ்காரர்கள் முதல் ஆண்டிலிருந்தே போகிற வருகிற சாமானையெல்லாம் பரணில் போட்டுவைத்தார்கள். 2.6 கெர்னலில் சிஸ்எஃப்எஸ் என்ற தனி வீடு கட்டிய பிறகும் பரண் காலியாகவில்லை. எத்தனையோ கருவிகள் அந்தப் பாதைகளையே நம்பி எழுதப்பட்டுவிட்டன.

போட்டியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோலாரிஸ் 1997-இன் 2.6 பதிப்பில் தன் /ப்ராக்கை அடைவுகளாக மாற்றியமைத்தது. அங்கே சிடிஎல் கோப்பு உண்டு, ஆனால் எல்லாமே பைனரி கட்டமைப்புகள், கேட் கட்டளையில் படித்தால் குப்பைதான் வரும். அதற்கு ஈடாக அவர்கள் தந்த பிஸ்டாக், பிஃபைல்ஸ், பிட்ரீ முதலான கருவிகள் இன்றும் பொறாமைப்பட வைப்பவை. ஃப்ரீபிஎஸ்டி தன் ப்ராக்எஃப்எஸ்ஸை இயல்பாகப் பொருத்துவதில்லை, சிஸ்கன்ட்ரோல் வழியையே விரும்புகிறது. ஓப்பன்பிஎஸ்டி 2015-இன் 5.7 பதிப்பில் அதைத் துடைத்தே எறிந்துவிட்டது. மேக் கணினியில் அது இல்லவே இல்லை. லினக்ஸ் பழகிய கை அங்கே போய் /ப்ராக் என்று தட்டிவிட்டு ஏமாறுவது வழக்கம்.

என் தீர்ப்பு தலைப்பில் இருப்பதுதான். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், வேறு கருவி எதையும் கற்குமுன், ஸ்டேட்டஸ், எஃப்டி, டபிள்யூசேன் ஆகிய மூன்றையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளலாம். கருவிகள் நிறுவப்படாத, நிறுவ முடியாத எந்திரத்திலும் இவை இருக்கும். ஆள்வதற்கு இதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதுவதாக இருந்தால் நேரே சிகுரூப்புக்குப் போய்விடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். பலர் பகிர்ந்துகொள்ளும் எந்திரம் என்றால், 2012 முதல் கிடைக்கும் ஹைட்பிட் என்ற பொருத்தும் விருப்பத்தில் 2 என்று கொடுத்தால் ஒருவரின் ப்ராசஸ்கள் மற்றவருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு 7 முதல் செயலிகளுக்கு இடையே திரை போட்டிருப்பதும் இதைக் கொண்டுதான். நான் இதை ஓர் எந்திரத்தில் போட்ட அன்று மாலையே, தனிப் பயனராக ஓடிய கண்காணிப்பு நிரல் ‘ஓடும் ப்ராசஸ்கள்: 3’ என்று அறிக்கை அனுப்பியது. ஜிஐடி என்ற துணை விருப்பத்தில் அந்த நிரலின் குழு எண்ணைக் கொடுத்து மறுபடி பொருத்திய பிறகு எண்ணிக்கை 412-க்குத் திரும்பியது. சிஸ்டம்டி உள்ள எந்திரங்களில் இந்தத் திரையை மொத்தமாக இழுத்தால் வேறு சில சேவைகளும் தடுமாறுகின்றன. அங்கே ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக ப்ரொடெக்ட்ப்ராக் என்ற அமைப்பில் ‘இன்விசிபிள்’ என்று எழுதுவதையே இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன்.